மகனுக்குக் கரப்பான், எனக்குக் கைவெடிப்பு: ஒரு தாயின் கடிதமும் தோல் மருத்துவரின் பதிலும்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

வயது 34. பலகாரம் செய்து விற்கும் இடத்தில் வேலை. முறுக்கு, சீப்புச்சீடை, தேன்குழலுக்கு மாவு பிசைவார். கல்யாண ஆர்டர் வந்தால் சின்ன வெங்காயமும் பூண்டும் உரிப்பதும் இவர் பொறுப்புதான். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். வீட்டில் மாமியாரும், எட்டு வயது மகனும். மகனுக்கு ஒரு வயதில் கன்னத்தில் ஆரம்பித்த அரிப்பு, இப்போது முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கழுத்திலும் தங்கிவிட்டது. தோல் தடித்துக் கறுத்திருக்கிறது. "ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து சொறிகிறான். காலையில் தலையணை உறையில் ரத்தப் புள்ளி. சில நாள் தானே எழுந்து போய், கூடத்தில் ஆத்தங்குடிக் கல் தரையில் கையை நீட்டி வைத்துப் படுத்துக்கொள்கிறான். அப்போதுதான் கொஞ்சம் தூங்குகிறான்" என்று எழுதியிருக்கிறார்.

மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிய ஒரு டியூப் இரண்டு வருடமாக ஓடுகிறது. பூசினால் இரண்டே நாளில் அடங்கும், நிறுத்தினால் முன்பைவிட அதிகமாக வரும். இப்போது இடுப்பில், அரைஞாண் கயிறு படும் இடத்தில், வட்டம் வட்டமாகப் புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. நடுவில் யாரோ கொடுத்த பெயரில்லாத பொடியை இருபது நாள் தந்திருக்கிறார். அரிப்பு நன்றாகவே நின்றது. ஆனால் பையன் முகம் உப்பியதும் பயந்து நிறுத்திவிட்டார். கரப்பான் பண்டம் (அரிப்பைக் கிளப்பும் என்று சொல்லும் உணவு) ஆகாது என்று அப்பத்தா சொல்லி, கத்தரிக்காய், கருவாடு, முட்டை, பால், நிலக்கடலை எல்லாம் நின்றுபோய்விட்டன. பையன் எடை 22 கிலோ, மெலிந்துகொண்டே வருகிறான். வெளியே பூசி அடக்கினால் உள்ளே போய் இளைப்பாக, அதாவது ஆஸ்துமாவாக, மாறிவிடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் உள்ள பயம்.

இவருக்கும் ஆறு மாதமாக இடது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகள் வெடித்து எரிகின்றன. மகனிடமிருந்து தொற்றிவிட்டதோ என்று சந்தேகம். பள்ளியில் டீச்சர் பையனைத் தனியாக உட்கார வைத்திருக்கிறார். கணவரோ, "இதற்கு இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி வந்திருக்கிறது, வரும்போது வாங்கி வரட்டுமா?" என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த வரி அந்த ஆத்தங்குடிக் கல் வரிதான். குளிர்ச்சி பட்டால் அரிப்பைச் சொல்லும் நரம்புகள் சற்று அடங்கும். எட்டு வயதுப் பிள்ளை யாரும் சொல்லித் தராமல் அதைக் கண்டுபிடித்திருக்கிறான் என்றால், எத்தனை இரவு தூங்காமல் கிடந்திருப்பான்! இதைச் சின்ன விஷயமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. ஆனால் ஒரு வயதில் கன்னத்தில் ஆரம்பித்து, பிறகு மடிப்புகளுக்கு வந்து தங்கியிருப்பதைப் பார்த்தால், இது நாம் கரப்பான் என்று சொல்லும் அடோபிக் எக்ஸிமாவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

உங்கள் ஊர்ப் பழைய வீட்டுச் சுவர்களைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெழுகிய பூச்சு கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருக்கும். பூச்சு நன்றாக இருக்கும்வரை உள்ளே செங்கல்லுக்கு ஒன்றும் ஆகாது. அது உரிந்த இடத்தில்தான் ஈரம் இறங்கும், பொரியும். தோலின் மேலடுக்கும் அப்படி ஒரு பூச்சுதான். அதைக் கட்டிக்காக்கும் புரதங்களில் ஒன்றின் பெயர் ஃபிலாக்ரின். அந்தப் புரதத்துக்கான மரபணுவில் உள்ள குறைக்கும் எக்ஸிமாவுக்கும் தொடர்பு உண்டு என்பதை, ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2006-ல் காட்டியது. எல்லா நோயாளிகளுக்கும் அந்தக் குறை இருக்காது. ஆனாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான்: பூச்சு பலவீனம், உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது, வெளியே உள்ள சோப்பும் தூசியும் கிருமியும் உள்ளே நுழைகின்றன, உடம்பின் எதிர்ப்பு சக்தி தேவைக்கு மேல் பதறுகிறது. அந்தப் பதற்றம்தான் சிவப்பும் அரிப்பும்.

எனவே வைத்தியம் எப்போதும் இரண்டு வேலை. பூச்சைச் சரிசெய்வது ஒன்று, உள்ளே எரியும் தீயை அணைப்பது இன்னொன்று. நீங்கள் இரண்டு வருடமாக இரண்டாவதை மட்டும், அதுவும் தவறான மருந்தால், செய்துகொண்டிருக்கிறீர்கள். இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. கேட்டதும் எடுத்துக் கொடுக்கிறார்கள், வாங்குகிறீர்கள்.

அந்த டியூப்

டியூபின் பின்பக்கத்தில் உள்ள பெயர்களை வரிசையாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். நல்ல காரியம். அதில் முதல் பெயர் குளோபீட்டசால். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளில் மிக வீரியமான வகுப்பைச் சேர்ந்தது அது. பொதுவாக 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பரிந்துரைப்பதில்லை. அதனுடன் ஒரு பூஞ்சை மருந்தும் ஒரு கிருமி மருந்தும் கலந்திருக்கின்றன. எது இருந்தாலும் ஏதாவது ஒன்று கேட்கட்டும் என்ற கணக்கில் செய்த கலவை. ஸ்டீராய்டு அரிப்பை உடனே அடக்குவதால் மருந்து வேலை செய்வதாகத் தோன்றும். ஆனால் அதே ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பைத் தூங்க வைத்துவிடுவதால், பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். இடுப்பில் கயிற்றின் கீழே வட்டமாக, ஓரம் தடித்து நடுவில் தெளிந்திருப்பதாக நீங்கள் சொல்வது எனக்குப் படர்தாமரை மாதிரித்தான் கேட்கிறது. நம் நாட்டில் கடந்த பத்துப் பதினைந்து வருடமாகப் படர்தாமரை இவ்வளவு பிடிவாதமாக மாறியதற்கு இந்தக் கலவை டியூப்கள் ஒரு முக்கியக் காரணம் என்று தோல் மருத்துவர்கள் தொடர்ந்து சொல்லி வருகிறோம். மத்திய சுகாதார அமைச்சகம் 2018-ல் 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. கடைக்காரர் சீட்டு கேட்டால் அவர் உங்களைத் தடுக்கவில்லை, உங்கள் பிள்ளையைக் காப்பாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இடுப்பில் உள்ளதை லேசாகச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையா இல்லையா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். செலவும் அதிகம் இல்லை. பூஞ்சை என்றால் தனி மருந்து, குறைந்தது சில வாரங்கள். அதுவரை அரைஞாண் கயிற்றைக் கழற்றி வையுங்கள். அப்பத்தாவுக்கு மனம் ஒப்பாது, தெரியும். குளித்த ஈரம் அந்தக் கயிற்றில் நாளெல்லாம் நிற்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். குணமானபின் புதுக் கயிறு கட்டிக்கொள்ளலாம்.

அந்தப் பெயரில்லாத பொடி இதைவிடக் கவலை தருகிறது. அரிப்பு சட்டென்று நின்று முகமும் உப்பினால், அதில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துச் சேர்த்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. பட்டம் பெற்ற சித்த மருத்துவர் பெயரும் உரிம எண்ணும் உள்ள மருந்தைத்தான் தருவார். இந்தப் பொடியில் அது எதுவும் இல்லை. நிறுத்தி எத்தனை நாள் ஆயிற்று, இப்போது சோர்வு, வாந்தி, தலைசுற்றல் ஏதாவது இருக்கிறதா என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இருந்தால் இந்த வாரமே போங்கள்.

சரி, ஸ்டீராய்டே வேண்டாமா?

வேண்டும். இங்கேதான் பலர் ஒரு பள்ளத்திலிருந்து ஏறி எதிர்ப் பள்ளத்தில் விழுகிறார்கள். டியூபால் கெட்டது என்று தெரிந்ததும் ஸ்டீராய்டு என்ற பெயரையே கேட்க மாட்டேன் என்பார்கள். பிள்ளைதான் சொறிந்துகொண்டே கிடப்பான். 1952 முதல் தோலில் பூசிவரும் மருந்து இது. எது நல்லது, எது கெட்டது என்று நமக்கு நன்றாகத் தெரிந்த மருந்தும்கூட. சரியான வீரியம், சரியான அளவு, சரியான இடம், சரியான நாள் என்று பார்த்துப் பூசினால், உங்கள் மகன் வயதில் இதுதான் இன்றைக்கும் முதல் மருந்து. முழங்கை, முழங்கால் மடிப்புக்கு மொமெட்டசோன் போல நடுத்தர வகை, கழுத்துக்கும் முகத்துக்கும் ஹைட்ரோகார்டிசோன் போல மெல்லிய வகை. உங்கள் மருத்துவர் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்.

அளவுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. உங்கள் ஆள்காட்டி விரலை நீட்டி, நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரே கோடாக மருந்தைப் பிதுக்குங்கள். ஏறக்குறைய அரை கிராம் வரும். விரல்களோடு சேர்த்து உங்கள் இரண்டு உள்ளங்கை பரப்புக்கு அது போதும். மகனின் இரண்டு முழங்கை மடிப்புக்கும் ஒரு விரல் நுனி, இரண்டு முழங்கால் மடிப்புக்கும் இன்னொன்று. பெரும்பாலானவர்கள் பயத்தில் மிளகு அளவு தொட்டு ஊர் முழுக்கத் தேய்க்கிறார்கள். அதனால்தான் தீ அணையாமல் புகைந்துகொண்டே இருக்கிறது.

தினம் ஒரு வேளை. எத்தனை நாள்? சிவப்பு போனதும் நிறுத்தக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு போய், பக்கத்துத் தோல் மாதிரியே மெத்தென்று வந்தால் அப்போது நிறுத்தலாம். பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரம் ஆகும். அப்புறமும் அதே இடங்களில் திரும்பத் திரும்ப வந்தால், வாரத்தில் இரண்டு நாள் மட்டும், சனி ஞாயிறு என்று வைத்துக்கொண்டு, வராதபோதும் பூசுகிற முறை உண்டு. திரும்ப வருவதை அது நன்றாகத் தள்ளிப்போடும்.

கழுத்து, கண்ணோரம் மாதிரி மெல்லிய தோலுக்கு ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு இருக்கிறது. பிள்ளைகளுக்கு 0.03 சதவீதம். முதல் நாலைந்து நாள் சுரீரென்று எரியும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால், ஒத்துக்கொள்ளவில்லை என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பூசினால் எரிச்சல் குறையும். இணையத்தில் தேடினால் புற்றுநோய் எச்சரிக்கை கண்ணில் படும். அமெரிக்காவில் 2006-ல் முன்னெச்சரிக்கையாகச் சேர்த்தது அது. பிறகு ஏறத்தாழ 8,000 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், புற்றுநோய் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

தூங்குவதற்கென்று நீங்கள் தரும் அலர்ஜி மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. அந்த மாத்திரைகள் தடுப்பது ஹிஸ்டமின் என்ற பொருளை. எக்ஸிமா அரிப்பில் அதற்குப் பங்கு குறைவு. அதனால் சிட்ரிசின் வகை மாத்திரைகள் இதற்குப் பெரிதாகக் கைகொடுக்காது. அரிப்பு அடங்க வேண்டுமானால் தோல் அடங்க வேண்டும்.

குளியலும் எண்ணெயும்

மருந்தை விட இதற்குத்தான் அதிக நேரமும் பணமும் ஒதுக்கச் சொல்வேன். தினம் குளிக்கட்டும், ஐந்து பத்து நிமிடம், வெதுவெதுப்பான தண்ணீரில். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அந்த நேரம் சுகமாக இருக்கும், அரை மணியில் இரட்டிப்பாகும். கடலை மாவு, பாசிப்பயறு மாவு, சீயக்காய் போட்டுத் தேய்ப்பதை நிறுத்துங்கள். அவை இருக்கிற எண்ணெயையும் எடுத்துவிடும். வெடித்த தோல் வழியாகப் பருப்பு வகைகளின் புரதம் உள்ளே போவதால் அவற்றுக்கே அலர்ஜி பழகிவிடும் ஆபத்தும் உண்டு. ஒற்றித் துடைத்து, தோல் முழுக்கக் காய்வதற்குள், இரண்டு மூன்று நிமிடத்தில், ஈரப்பசை காக்கும் கிரீமை உடம்பு முழுக்கப் பூசுங்கள். தேய்க்க வேண்டாம், முடி சாயும் திசையில் தடவினால் போதும்.

எது வாங்குவது என்று கவலைப்பட வேண்டாம். லோஷன், கிரீம், ஜெல், களிம்பு நான்கையும் 550 குழந்தைகளிடம் ஒப்பிட்டு, இங்கிலாந்தில் 2022-ல் ஓர் ஆய்வு வெளியானது. பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. வாசனை இல்லாததாக, பையன் ஒத்துக்கொள்வதாக, உங்களால் நிறைய வாங்க முடிவதாக இருந்தால் அதுவே நல்லது. நிறைய என்றால் எவ்வளவு? அங்குள்ள வழிகாட்டுதல், எக்ஸிமா உள்ள பிள்ளைக்கு வாரம் 250 முதல் 500 கிராம் என்கிறது. 30 கிராம் டியூபை ஒரு மாதம் ஓட்டுகிறவர்களுக்கு இது திகைப்பாக இருக்கும். முடியாதவர்களுக்கு வெள்ளை வாசலின் பெரிய டப்பா போதும். கத்திரி வெயிலில் அது புழுங்கி வேர்க்குரு கிளப்பும், அந்த மாதங்களில் கிரீம். மார்கழியில் களிம்பு. நல்ல தேங்காய் எண்ணெயும் லேசான வறட்சிக்கு உதவும், தடையில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: வாசலினிலும் பல கிரீம்களிலும் இருப்பது பாரஃபின், அது ஊறிய துணி சட்டென்று தீப்பற்றும். நீங்கள் அடுப்படியில் நிற்கிறவர். கிரீம் ஊறிய சேலையோடும், பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் அடுப்பருகே போகாதீர்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருப்பதுதான் காரணமோ என்று கேட்டிருந்தீர்கள். கடின நீர் உள்ள ஊர்களில் எக்ஸிமா சற்றுக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் நீரை மென்மையாக்கும் கருவி பொருத்திப் பார்த்தபோது 336 குழந்தைகளில் பலன் எதுவும் கிடைக்கவில்லை. 2011-ல் வெளிவந்த ஆய்வு அது. அந்தப் பணத்தில் கிரீம் வாங்குங்கள்.

இரவுக்கு: நகத்தை ஒட்ட வெட்டி விடுங்கள். பழைய மெல்லிய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து அரிக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். சொறியாதே என்று அதட்டினால் அவனால் முடியாது. உள்ளங்கையால் தட்டவோ அழுத்தவோ சொல்லிக்கொடுங்கள். கூடத்துத் தரையில் படுப்பதைத் தடுக்க வேண்டாம், தூசி இல்லாமல் துடைத்து வைத்தால் போதும்.

கரப்பான் பண்டமும் இளைப்பும்

அப்பத்தா சொல்வதை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். உணவு அலர்ஜி உள்ள எக்ஸிமாக் குழந்தைகள் இருக்கிறார்கள், அதிகமும் கைக்குழந்தைகள். அவர்களுக்கு முட்டையோ பாலோ சாப்பிட்ட சில நிமிடம் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி என்று ஏதாவது தெரியும். உங்கள் மகன் இதெல்லாம் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். நிறுத்தி ஒரு வருடம் ஆகியும் அரிப்பு அப்படியே இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதில் அதிலேயே இருக்கிறது. முட்டை, பால், கடலை, மீன் இல்லாமல் வளர்கிற பிள்ளைக்குப் புரதம் எங்கிருந்து வரும்? எடை குறைவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இன்னொன்று: நீண்ட நாள் நிறுத்திய உணவைத் திரும்பத் தரும்போது, எக்ஸிமாப் பிள்ளைகள் சிலருக்குப் புதிதாக அலர்ஜி வந்திருக்கிறது. ஆகவே பால், முட்டை, கடலை, மீனை வீட்டில் நீங்களாக ஆரம்பிக்காமல், மருத்துவரிடம் சொல்லி ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள். கத்தரிக்காயை இன்றைக்கே கொடுக்கலாம். சாப்பிடும்போது வாயைச் சுற்றிச் சிவந்தால் மட்டும் எனக்கு எழுதுங்கள். ரத்தத்தில் எழுபது எண்பது உணவுக்குச் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் உணவையும் அது ஆகாது என்று காட்டிவிடும்.

இளைப்பு விஷயம். எக்ஸிமா உள்ள பிள்ளைகளில் சிலருக்குப் பின்னால் மூக்கு அலர்ஜியும் ஆஸ்துமாவும் வருவது உண்மை. பாட்டிமார் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். ஆனால் பூசி அடக்கியதால் நோய் உள்ளே போவதில்லை. மூன்றும் ஒரே வேரில் முளைப்பவை, ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தலைகாட்டுகின்றன. தோலை ஆறவிடாமல் வைத்திருந்தால் நுரையீரல் தப்பிக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

சிங்கப்பூர் ஊசி

உங்கள் கணவர் சொல்வது டுபிலுமாப். அரிப்பையும் வீக்கத்தையும் தூண்டும் ஐ.எல்-4, ஐ.எல்-13 என்ற இரண்டு சமிக்ஞைகளைத் தடுக்கும் மருந்து. அமெரிக்காவில் பெரியவர்களுக்கு 2017-ல் அனுமதி கிடைத்தது. ஆறு வயது முதலான பிள்ளைகளுக்கு 2020-லும், ஆறு மாதக் குழந்தை முதல் 2022-லும் கிடைத்தது. கடுமையான எக்ஸிமாவில் இது பலருடைய வாழ்க்கையை மாற்றியிருக்கிறது. எதிர்ப்பு சக்தியை ஒட்டுமொத்தமாகக் குறைப்பதில்லை, அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் தேவையில்லை. கண் சிவந்து உறுத்துவது அடிக்கடி வரும் பக்கவிளைவு.

ஆனால் பெட்டியில் வைத்து வாங்கி வர வேண்டாம். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து. வெளியே எடுத்தால் 25 டிகிரிக்குள், அதிகபட்சம் 14 நாள். நம் ஊர் வெயிலில் அது நடக்காது. இரண்டு வாரக் கணக்கும் உங்கள் மகனுக்குப் பொருந்தாது. 15 கிலோவுக்கு மேல், 30 கிலோவுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு நான்கு வாரத்துக்கு ஒன்றுதான் வழக்கமான அளவு. தொடங்குமுன் குடற்புழு இருந்தால் சரிசெய்ய வேண்டும், உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் பாக்கி இருந்தால் முடிக்க வேண்டும். நிறுத்தினால் நோய் திரும்பி வரலாம் என்பதால், செலவை மாதக் கணக்கில் அல்ல, வருடக் கணக்கில் யோசிக்க வேண்டும்.

என் கருத்தை ஒளிவில்லாமல் சொல்கிறேன். உங்கள் மகனுக்குச் சரியான முதல் வைத்தியமே இன்னும் ஆரம்பிக்கவில்லை. மேலே சொன்னதை மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுவே போதும். போதவில்லை என்றால் அடுத்த படி உண்டு. 311 நானோமீட்டர் புற ஊதா ஒளிச் சிகிச்சை, வாரம் இரண்டு மூன்று முறை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் கேட்டுப் பாருங்கள், சிவகங்கை உங்களுக்குப் பக்கம். மாத்திரைகளில் சைக்ளோஸ்போரின், மெத்தோட்ரெக்ஸேட் இரண்டும் பழையவை, ஊசியோடு ஒப்பிட்டால் மலிவு. இரண்டையும் 103 பிள்ளைகளிடம் ஒப்பிட்ட ஆய்வு 2023-ல் வந்தது. சைக்ளோஸ்போரின் சீக்கிரம் அடக்கியது, மெத்தோட்ரெக்ஸேட்டின் பலன் மருந்தை நிறுத்திய பிறகும் நீடித்தது. இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை அவசியம். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மருந்து, தவறித் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. இவை எல்லாம் தாண்டியபிறகு ஊசி. உபாடாசிட்டினிப், அப்ரோசிட்டினிப் என்று புது மாத்திரைகளும் இருக்கின்றன, அவை 12 வயதுக்கு மேல்தான். பிள்ளைக்குக் காசநோய் இருக்கிறதா என்று பார்க்காமல் நம் நாட்டில் அவற்றைத் தொடவே கூடாது.

உங்கள் கை

மகனிடமிருந்து தொற்றியது இல்லை. எக்ஸிமா யாருக்கும் தொற்றாது. இடது கை, முதல் மூன்று விரல், நுனி மட்டும். பூண்டு உரிக்கும்போது எந்தக் கையில் பூண்டைப் பிடிக்கிறீர்கள், எந்தக் கையில் கத்தி? இந்த மூன்று விரல் வெடிப்பு சமையல் வேலை செய்கிறவர்களிடம் நாங்கள் அடையாளம் வைத்திருக்கும் ஒன்று. பூண்டில் உள்ள டைஅலைல் டைசல்ஃபைடு என்ற பொருளுக்கு ஏற்படும் அலர்ஜி அது. மெல்லிய ரப்பர் கையுறைக்குள்ளும் அந்தப் பொருள் ஊடுருவிவிடும். எனவே கையுறை போட்டும் குறையவில்லையே என்று குழம்ப வேண்டாம். முதலாளியிடம் பேசி, ஆறு வாரம் பூண்டு உரிப்பதை வேறொருவருக்கு மாற்றி, நீங்கள் மாவு வேலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். விரல் ஆறினால் காரணம் தெரிந்துவிட்டது. ஆறாவிட்டால் முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்யலாம். ஒட்டி 48 மணி நேரத்தில் எடுத்துப் பார்ப்பார்கள், 96 மணி நேரத்தில் இன்னொரு முறை.

பாத்திரம் கழுவும்போது உள்ளே பருத்தி, மேலே தடித்த கையுறை. மோதிரத்தைக் கழற்றி வையுங்கள், அதன் அடியில் சோப்பு தங்கும். கையின் தோல் தடிப்பானது என்பதால் வீரியமான ஸ்டீராய்டு களிம்பைச் சில வாரம் பூசுவது உங்களுக்குச் சரிதான், ஆனால் அது உங்கள் விரலுக்கு மட்டும். உங்களுக்குத் தரும் களிம்பு பையன் பக்கம் போகக் கூடாது.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். உங்களுக்கோ அப்பத்தாவுக்கோ விரல் இடுக்கிலும், மணிக்கட்டிலும், தொப்புளைச் சுற்றியும் இரவில் அரிக்கிறதா? அப்படி இருந்தால் அது சிரங்கு. எக்ஸிமாவுக்கு மேல் அதுவும் வரும், அது தொற்றும். பெர்மெத்ரின் 5 சதவீதக் கிரீமை வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் கழுத்து முதல் கால்வரை பூசி, காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பூச வேண்டும். அரிப்பவர் மட்டும் பூசினால் திரும்ப வரும்.

எப்போது காத்திருக்கக் கூடாது

தேன் நிறத்தில் பொருக்குத் தட்டி நீர் வடிந்தால், கிருமி சேர்ந்திருக்கிறது, ஓரிரு நாளில் காட்டுங்கள். காய்ச்சலோடு, ஊசியால் குத்தி எடுத்த மாதிரி ஒரே அளவுப் புண்கள் கூட்டமாகக் கிளம்பினால் அன்றைக்கே மருத்துவமனை. ஹெர்பிஸ் கிருமி எக்ஸிமாத் தோலில் அப்படிப் பரவும், கண்ணுக்குப் போனால் பார்வைக்கு ஆபத்து.

மருத்துவரிடம் போகும்போது இதுவரை பூசிய எல்லா டியூபையும், மிச்சப் பொடியையும், காலி அட்டைகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போங்கள். மருந்தின் பெயர், எந்த இடத்தில், எத்தனை நாள் என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பள்ளி விஷயத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதற்குப் பதில் உங்களுக்கு அல்ல, டீச்சருக்கு. இடுப்பில் உள்ளது படர்தாமரை என்றாலும், மருந்து போட்டு உடையால் மூடியிருந்தால் அவனைத் தனியே உட்கார வைக்கத் தேவையில்லை. மருத்துவர் பார்த்தபின் அவர் கையெழுத்தோடு கீழே உள்ளதைக் கொடுங்கள்:

"மதிப்பிற்குரிய ஆசிரியைக்கு, வணக்கம். இந்த மாணவனுக்கு இருப்பது எக்ஸிமா. தொட்டாலும், பக்கத்தில் உட்கார்ந்தாலும், சேர்ந்து சாப்பிட்டாலும் மற்றவர்களுக்கு வராது. தயவுசெய்து அவனை நண்பர்களோடு, வெயில் படாத, மின்விசிறிக்குப் பக்கத்து இடத்தில் உட்கார வையுங்கள். விளையாடி வியர்த்து வந்தால் முகம் கை கழுவி, பையில் இருக்கும் கிரீமைப் பூசிக்கொள்ள ஐந்து நிமிடம் கொடுங்கள். சொறியும்போது பெயர் சொல்லி அதட்ட வேண்டாம், கையில் ஏதாவது வேலை கொடுங்கள்."